கிணறு உப்பாகிறது: இறால் பண்ணையா, மோட்டாரா, கடலா?

உச்சிப்புளிக்காரர் | ஜூன் 14

இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் வீட்டு உறைக்கிணறு. ஐந்தடி உறை, 16 அடி ஆழம், தண்ணீர் 8 அடியில் நிற்கிறது. பாக் விரிகுடாப் பக்கம் கடல் 400 மீட்டர். முன்பு டிடிஎஸ் (கரைந்த உப்பின் மொத்த அளவு) மீட்டர் 500க்குள் காட்டிய தண்ணீர் இப்போது 1,800ஐத் தாண்டுகிறது. சோப்பு நுரைப்பதே இல்லை. 600 மீட்டர் தள்ளி இறால் பண்ணை வந்தபிறகுதான் இப்படி என்று ஊரில் பேச்சு. ஆர்.ஓ. விற்க வந்தவர் 150 அடிக்குப் போர் போட்டால் நல்ல தண்ணி வரும் என்கிறார். போடலாமா?

கலுங்கு | ஜூன் 14

போடாதீர்கள்.

கலுங்கு | ஜூன் 15

நேற்று ஒரு வார்த்தையில் விட்டதற்குத் திட்டு வந்திருக்கிறது. விவரமாகச் சொல்கிறேன். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் தீவு எல்லாம் மணல்மேடு. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் அடர்த்தி 1.025, நல்ல தண்ணீர் 1.000. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கிணற்று நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட எத்தனை செ.மீ. உயரமோ அதைப்போல 40 மடங்கு ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. உங்கள் கிணற்றின் நீர்மட்டம் கோடையில் கடலுக்கு மேல் 25 செ.மீ. இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே 10 மீட்டர் வரைதான் நல்லது. 150 அடி என்றால் 45 மீட்டர். அந்தக் குழாய் நல்ல தண்ணீரைத் தாண்டிப் போய் உப்பில்தான் உட்காரும். போர்க்காரருக்கு அடிக்கணக்கில் கூலி, அவர் ஆழம் குறைத்துச் சொல்ல மாட்டார்.

இதே கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேல்மட்டம் 10 செ.மீ. இறங்கினால் அடியில் உப்பு 4 மீட்டர் மேலே ஏறும்.

தொண்டி வடக்கு | ஜூன் 15

ஆழம் என்றாலே உப்பு என்று மாவட்டம் முழுக்கச் சொல்லிவிட முடியாது. திருவாடானைப் பக்கம் ஆழத்தில் மணற்பாறை, அதன் மேல் கனத்த களிமண் மூடி. அந்த அடுக்கில் நல்ல தண்ணீர் எடுக்கும் ஊர்கள் உண்டு. அங்கே பிரச்சினை நேர்மாறு. மேலே உள்ள 20, 30 மீட்டர் உவர். போர்த்துளைக்குள் சுவராக இறக்கும் கேசிங் குழாயைச் சுற்றிக் களிமண்ணோ சிமெண்ட் பாலோ வைத்து அடைக்காமல் விட்டால் மேல் உவர் குழாயின் ஓரமாகவே வழிந்து கீழே இறங்கும். இரும்புக் கேசிங் என்றால் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, நாலு வருடத்தில் ‘கடல் வந்துவிட்டது’ என்று பேச்சு கிளம்பும். வந்தது கடலே இல்லை, பத்தடி மேலே இருந்த உவர்.

ஆனால் உச்சிப்புளிக்குக் கலுங்கு சொன்னதுதான் சரி.

கலுங்கு | ஜூன் 15, இரவு

தொண்டியார் எடுத்துக் கொடுத்ததையே பிடித்துக்கொண்டு கேட்கிறேன். எந்த உப்பு என்று தெரியாமல் மருந்து சொல்ல முடியாது. நம் கடற்கரையில் கிணற்று உப்பு நாலு வழியில் வரும்: கடல் பக்கவாட்டில் நகர்ந்து வருவது, மோட்டார் இழுப்பில் அடியிலிருந்து கூம்பாக மேலே ஏறுவது, உப்பளம் அல்லது இறால் குளத்திலிருந்து மேலிருந்து கசிவது, பழைய கடல் படிவத்திலேயே தேங்கிக் கிடப்பது. கடைசி வகைக்கு இன்றைய மனிதர் யாரும் பொறுப்பில்லை. கடலாடி, முதுகுளத்தூர் கரிசலில் கடலுக்கு வெகுதூரத்திலும் உவர் வருவது அதனால்தான். வெயிலில் ஆவியாகி மேல்மண்ணில் பூக்கும் உப்பும் அதோடு சேரும்.

வெறும் டிடிஎஸ் மீட்டர் போதாது. ஆய்வகத்தில் கொடுத்து கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம், குளோரைடு, காரத்தன்மை, சல்பேட், நைட்ரேட், ஃபுளூரைடு எல்லாம் பாருங்கள். மோட்டார் பத்து நிமிடம் ஓடியபின் பிடித்த தண்ணீர், அதே தண்ணீரில் மூன்று முறை அலசிய புட்டி, விளிம்புவரை நிரப்பி மூடி, அன்றே கொடுக்க வேண்டும். நைட்ரேட்டுக்கு ஐஸ் பெட்டி அவசியம். பழைய மினரல் வாட்டர் புட்டி பரவாயில்லை. ஊறுகாய்ப் புட்டியில் கொண்டுபோய்ச் சோடியம் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

பனைநுங்கு | ஜூன் 16

சீமைக்கருவேலத்தை யாரும் இன்னும் குற்றம் சொல்லவில்லையே, ஆச்சரியம்.

கலுங்கு | ஜூன் 16

சொல்லிவிடுவோம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வெட்டச் சொன்னபோது மாவட்டமே அரிவாள் எடுத்தது. அந்த மரம் ஆழ வேர் விட்டுத் தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்கும், கண்மாய் வரத்துக்காலை அடைக்கும், அதெல்லாம் உண்மை. உப்பைப் புதிதாக உண்டாக்காது. உவர் நிலத்தில் வேறெதுவும் முளைக்காததால் அது முளைக்கிறது. காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டுவிட்டோம்.

உச்சிப்புளிக்காரர் | ஜூன் 27

முடிவு வந்துவிட்டது. எல்லாம் லிட்டருக்கு மி.கி.:

மின்கடத்துத்திறன் 2,900 மைக்ரோசீமென்ஸ். டிடிஎஸ் 1,860. கால்சியம் 210. மெக்னீசியம் 76. சோடியம் 290. பொட்டாசியம் 18. குளோரைடு 710. காரத்தன்மை 230. சல்பேட் 140. நைட்ரேட் 68. ஃபுளூரைடு 0.4. மொத்தக் கடினத்தன்மை 837.

மூன்று வருடம் முந்தைய ஒரு முடிவும் பீரோவில் கிடைத்தது. அதில் குளோரைடு 120, கால்சியம் 70, சோடியம் 70. அண்ணே, குடிக்கலாமா?

ஆய்வக மேசை | ஜூன் 27

முதலில் முடிவே நம்பத்தக்கதா என்று பாருங்கள், பிறகு அர்த்தம் பார்க்கலாம். நேர்மின் அயனிகளைச் சமானத்தில் (எடையில் அல்ல, மின்சுமைக் கணக்கில்) கூட்டினால் ஏறத்தாழ 29.8, எதிர்மின் 28.7. வித்தியாசம் இரண்டு சதவீதம். ஐந்துக்குள் இருந்தால் ஏற்கலாம். டிடிஎஸ் 1,860 என்பது கடத்துத்திறனை 0.64ஆல் பெருக்கியது, காய்ச்சி எடை பார்த்ததல்ல. அயனிகளைத் தனித்தனியாகக் கூட்டினால் 1,650 பக்கம்தான் வருகிறது. தப்பில்லை, காரணியின் விளையாட்டு. உங்கள் கைமீட்டர் 0.5 காரணி என்றால் இதே தண்ணீருக்கு 1,450 காட்டும். பக்கத்து வீட்டு மீட்டரோடு ஒப்பிட்டுச் சண்டை போடுவதற்கு முன் இரண்டிலும் மைக்ரோசீமென்ஸ் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, 2012 பதிப்பு. டிடிஎஸ் ஏற்கத்தக்க அளவு 500, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2,000 வரை. குளோரைடு 250, வேறில்லையேல் 1,000. கடினத்தன்மை 200, வேறில்லையேல் 600. உங்களுடையது அதையும் தாண்டிவிட்டது. நைட்ரேட் 45, அதற்குச் சலுகையே கிடையாது. ஆகவே குடிக்க வேண்டாம். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கவே கூடாது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

கலுங்கு | ஜூன் 28

இந்த முடிவு பேசுகிறது. பழைய குளோரைடு 120, இப்போது 710. கடல்நீரில் குளோரைடு ஏறத்தாழ 19,000. 590ஐ 18,880ஆல் வகுத்தால் 3.1 சதவீதம். நூறு குடம் நல்ல தண்ணீரில் மூன்று குடம் கடல்நீர் கலந்தாலே கிணறு இந்த நிலைக்கு வந்துவிடும்.

சோப்பு நுரைக்காததற்கும் விடை இதிலேயே இருக்கிறது. மூன்று சதவீதக் கடல்நீர் கலந்தால் சோடியம் 400 பக்கம் இருக்க வேண்டும், இருப்பது 290. கால்சியம் 80 பக்கம் இருக்க வேண்டும், இருப்பது 210. உப்பு புதிதாக நுழையும்போது மணலில் உள்ள களித்துகள் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை வெளியே விடுகிறது, அந்தக் கால்சியம்தான் சோப்பை நுரைக்க விடுவதில்லை. கடலில் இருக்கும் சோடியம்–குளோரைடு விகிதம் சமானத்தில் 0.86, உங்கள் கிணற்றில் 0.63. அதாவது உப்பு இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. தேங்கிக் கிடக்கும் பழைய உப்பு இப்படி இருக்காது. நாக்குக்கு உப்புத் தெரியும் முன்பே சோப்பு காட்டிக்கொடுத்துவிடும், இந்தப் பக்கத்துச் சலவைக்காரர்களுக்கு இது ஆய்வகம் இல்லாமலே தெரியும்.

நைட்ரேட்டுக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது?

உச்சிப்புளிக்காரர் | ஜூன் 28

கிணற்றிலிருந்து 20 அடி. அடிப்பாகம் கான்கிரீட் போடவில்லை, உறை மட்டும் இறக்கியிருக்கிறது. நிறையவே நிறையாது என்று கொத்தனார் பெருமையாகச் சொன்னார்.

கலுங்கு | ஜூன் 28

நிறையாததற்குக் காரணம் நீங்கள் அதைத்தான் குடிக்கிறீர்கள்.

பனைநுங்கு | ஜூன் 28

காலையிலேயே இப்படியா.

தொண்டி வடக்கு | ஜூன் 29

சிரிப்பை விடுங்கள், இந்தக் கடற்கரையில் உப்பைவிட அது பெரிய ஆபத்து. உப்பு இருந்தால் வாய் சொல்லிவிடும். மலக்கிருமியும் நைட்ரேட்டும் ருசியில் தெரியாது. மணலில் வடிகட்டும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி: நுண்மணலில் கிருமி ஓரளவு நிற்கும், நைட்ரேட் நிற்கவே நிற்காது, தண்ணீரோடு ஓடும்.

செய்ய வேண்டியது: டேங்க்கின் அடியை அடைத்து, வெளியேறும் நீரைக் கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் விடுவது. மணல்காட்டில் நீரோட்டம் பெரும்பாலும் கடலை நோக்கித்தான். ஆகவே கிணறு மேட்டுப் பக்கம், டேங்க் கடல் பக்கம். இரட்டைக்குழிக் கழிப்பறை என்றால் அடியைச் சிமெண்டால் மூடி, சுற்றிலும் அரை மீட்டர் தடிமனுக்கு நுண்மணல் உறை. குழியின் அடி, மழைக்கால நீர்மட்டத்துக்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். உங்கள் மனையில் நீர் 8 அடியில் நிற்கிறது, மழைக்காலத்தில் 4 அடிக்கு வரும், அந்த 2 மீட்டர் உங்களுக்குக் கிடைக்காது. தரைக்கு மேலே மேடை கட்டி வைப்பதுதான் வழி. செலவுதான்.

கலுங்கு | ஜூலை 2

இனி உப்பு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற கேள்வி. இறால் பண்ணையில் இருப்பதும் கடல்நீர், கடலில் இருப்பதும் கடல்நீர். அயனி விகிதத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, பிரித்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். பிரிப்பது ஆழம். குளத்துக் கசிவு மேலிருந்து இறங்கும், கூம்பு அடியிலிருந்து ஏறும்.

கனமான கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து அடியில் வலைஈயம் கட்டுங்கள்; கரைவலைக்காரர்களிடம் கிடைக்கும். கழுத்தில் ஒரு கயிறு. வாயில் தக்கை, தக்கைக்குத் தனிக் கயிறு. மோட்டாரை 12 மணி நேரம் நிறுத்தி, தண்ணீரைக் கலக்காமல் புட்டியை மெல்ல இறக்கி, வேண்டிய ஆழத்தில் தக்கைக் கயிற்றைச் சுண்டுங்கள். குமிழி நிற்கும்வரை பொறுத்து மேலே எடுங்கள். மேலிருந்து அரை மீட்டருக்கு ஒன்றாக அடிவரை. மேலே எடுத்த உடனே அளக்க வேண்டும், வெயிலில் வைத்துவிட்டு அளந்தால் ஒரு டிகிரிக்கு 2 சதவீதம் வீதம் கடத்துத்திறன் கூடும். மீட்டரில் வெப்பத் திருத்தம் இருந்தாலும் மலிவு மீட்டரின் திருத்தத்தை நான் நம்பமாட்டேன்.

பிறகு மோட்டாரைப் போட்டு 0, 15, 30, 60ஆம் நிமிடங்களில் குழாயில் பிடித்து அளங்கள். ஓட ஓட ஏறினால் கூம்பு. ஏறாமல் ஒரே அளவில் நின்றால் பக்கவாட்டிலிருந்து வந்து ஏற்கெனவே சூழ்ந்துவிட்டது.

ஆய்வக மேசை | ஜூலை 2

ஒன்று சேர்க்க வேண்டும். உறைக்கிணற்றில் தண்ணீர் அடிவாய் வழியாகத்தான் வருகிறது, உறைச் சுவர் வழியாக அல்ல. ஆகவே கிணற்றுக்குள் ஆழவாரியாக அளப்பது கிணற்றின் கதை மட்டும், மண்ணின் கதை அல்ல. கசிவைப் பிடிக்கக் கிணற்றுக்கும் பண்ணைக்கும் நடுவே இரண்டு சிறு குழாய் இறக்குவதே சரி. ஒன்றரை அங்குல பி.வி.சி., கடைசி ஓர் அடியில் மட்டும் ஹாக்சா பிளேடால் கீறல், மேலே நைலான் கொசுவலை இரண்டு சுற்று. ஒன்று 3 மீட்டர், இன்னொன்று 7 மீட்டர். நீர்மட்டத்துக்குக் கீழே மணல் சரியும் என்பதால் கைபோர்க்காரர் தண்ணீர் பாய்ச்சித்தான் இறக்குவார். பாய்ச்சிய தண்ணீர் வெளியேறும்வரை, குழாய்க் கொள்ளளவைப்போல ஐந்து மடங்காவது இறைத்தபின் அளக்க வேண்டும்.

மீட்டரைச் சரிபார்க்கக் கடைக் கரைசல் வேண்டாம். 0.746 கிராம் பொட்டாசியம் குளோரைடை ஒரு லிட்டர் வாலை வடிநீரில் கரைத்தால் 25 டிகிரியில் 1,413 காட்ட வேண்டும். பேட்டரித் தண்ணீர் என்று கடையில் விற்பது சிலது வெறும் அயனிநீக்கிய நீர், அதுவும் ஆகும். முதலில் அதை மட்டும் அளந்து பத்துக்குள் இருக்கிறதா பாருங்கள்.

குளோரைடை வீட்டிலேயே பார்க்க நினைத்தால்: 50 மி.லி. தண்ணீர், பொட்டாசியம் குரோமேட் ஐந்து சொட்டு, மஞ்சளாகும். 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட, செங்கல் நிறம் மறையாமல் நிற்கும் புள்ளியில் நிறுத்துங்கள். செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 10 மி.கி. குளோரைடு. உங்கள் தண்ணீருக்கு 71 மி.லி. செலவாகும், சில்வர் நைட்ரேட் விலைக்கு அது கட்டுப்படியாகாது, பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். குரோமேட் நஞ்சு. கையுறை போடுங்கள், கழிவைக் கிணற்றடியில் கொட்டாதீர்கள்.

உச்சிப்புளிக்காரர் | ஜூலை 19

புட்டி வேலை செய்தது. 12 மணி நேரம் நிறுத்தியபின் மேலே 1,150 மைக்ரோசீமென்ஸ், நடுவில் 1,400, அடியில் 2,300. மோட்டார் போட்டபின் 1,500, 2,100, 2,600, 2,900. 3 மீட்டர்ச் சிறு குழாயில் 980, 7 மீட்டரில் 3,400. மோட்டார் 1 எச்.பி., மணிக்கு 5,000 லிட்டர். தினம் மூன்று மணி நேரம் தோட்டத்துக்கும் சேர்த்து ஓடும். மேற்கே புதிதாகத் தென்னந்தோப்பு வந்திருக்கிறது. அங்கே 5 எச்.பி. போர் மூன்று.

கலுங்கு | ஜூலை 19

இறால் பண்ணைக்கு ஜாமீன் கொடுக்கலாம். விடுதலை இல்லை, ஜாமீன்தான். பண்ணைக் கசிவு உங்கள் பக்கம் வரை வந்திருந்தால் 3 மீட்டர்க் குழாய்தான் முதலில் உப்பாகியிருக்கும். அது 980இல் இருக்கிறது. மேலே நல்லது, கீழே கெட்டது, ஓட்ட ஓட்டக் கீழிருந்து ஏறுகிறது. உங்கள் மோட்டாரும் தோப்புப் போரும் சேர்ந்து செய்த வேலை.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கூம்பு ஏறும் உயரம் = இறைக்கும் அளவு × 40 ÷ (6.28 × மணலின் நீர்விடும் திறன் × கிணற்றடிக்கும் உப்புக்கும் உள்ள தூரம்). மணலுக்கு நாளுக்கு 15 மீட்டர், தூரம் 6 மீட்டர் என்று வைப்போம். மணிக்கு 5,000 லிட்டர் என்பது நாளுக்கு 120 கன மீட்டர் வேகம். ஏற்றம் எட்டரை மீட்டர் வருகிறது. இருப்பதே ஆறு. உப்பு நேராக உறிஞ்சு குழாயின் அடிவாயில் உள்ள ஃபுட்வால்வுக்குள் வந்துவிடும். நாளுக்கு 20 கன மீட்டர் வேகத்தில் இழுத்தால் ஏற்றம் 1.4 மீட்டர். இடைவெளியில் கால்பங்குக்குள் நின்றால் கூம்பு உடையாமல் நிற்கும் என்பது நடைமுறை. அப்படியென்றால் உங்கள் கிணற்றின் எல்லை மணிக்கு 850 லிட்டர்.

ஆய்வக மேசை | ஜூலை 20

அந்தச் சூத்திரம் நீண்டநேரம் ஓடி நிலைத்த நிலைக்கானது. மூன்று மணி நேர ஓட்டத்துக்கு எட்டரை மீட்டர் வராது, அதில் ஒரு பங்குதான் வரும். ஆனால் நிறுத்தியபின் கூம்பு இறங்குவது ஏறியதைவிட மெதுவாக நடக்கும், நாளுக்கு நாள் மிச்சம் சேரும். ஆகவே முடிவு மாறாது, எண் மட்டும் மாறும்.

கலுங்கு | ஜூலை 20

ஏற்றுக்கொள்கிறேன். எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், திசையைப் பாருங்கள்.

வழி: மோட்டாரை மாற்ற முடிந்தால் அரை எச்.பி. மாற்ற முடியாவிட்டால் வெளியேறும் குழாயில் கேட்வால்வு போட்டு நெரியுங்கள். உறிஞ்சு குழாயில் ஒருபோதும் நெரிக்காதீர்கள், நீராவிக்குமிழி உண்டாகி இம்பெல்லர் அரித்துவிடும். முழுக்க மூடியும் ஓட்டாதீர்கள், உள்ளே தண்ணீர் கொதித்து சீல் போகும். ஃபுட்வால்வை அடியிலிருந்து தூக்கி, நீர்மட்டத்துக்குக் கீழே இரண்டடியில் தொங்கவிடுங்கள். மட்டம் இறங்கினால் மோட்டார் காற்று இழுக்கும், அன்றைக்குப் போதும் என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுங்கள். 1,000 லிட்டர்த் தொட்டி வைத்து விடியற்காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் மெல்ல நிரப்புங்கள்.

தோட்டத்துக்கு இதிலிருந்து எடுக்காதீர்கள். தோட்டத்துக்கென்று 30 அடி தள்ளித் தள்ளி மூன்று ஆழமில்லாத கைபோர் இறக்கி ஒரே குழாயில் சேர்த்து இழுத்தால், ஒரே இடத்தில் கூம்பு எழாது.

பனைநுங்கு | ஜூலை 21

தனுஷ்கோடியில் இதைத்தானே செய்கிறார்கள். மணலில் நாலடி தோண்டினால் ஊற்று. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். இரண்டு பக்கமும் கடல், குடத்தில் நல்ல தண்ணி. ஆழம் தோண்டினால் உப்பு என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். 1964 டிசம்பர்ப் புயலில் ஊர் போனது, ஊற்று போகவில்லை.

கலுங்கு | ஜூலை 21

அதேதான். சிரட்டையை மிஞ்சிய மேல்நீர் பம்பு கிடையாது. தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தம் கடலுக்குள் நின்றும் நல்ல தண்ணீர் தருவதற்கும் இதே இயல்புதான்: மணல்மேட்டில் இறங்கிய மழை கடலோரத்தில் வெளியேறும் வாய் அது. இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்கள் கிணற்றுக்குக் கிணறு ருசி மாறுவதற்கும் இடத்துக்கு இடம் மாறும் மணல், பவளச் சுண்ணாம்பு, ஆழம், எவ்வளவு மொள்கிறார்கள் என்பதெல்லாம் சேரும். வாளியால் மொள்வதால்தான் அத்தனை கூட்டத்துக்கும் அவை தாங்குகின்றன. சுற்றியிருக்கும் விடுதிகளின் போர்தான் எனக்குக் கவலை.

தொண்டி வடக்கு | ஆகஸ்ட் 4

இறால் பண்ணையை ஜாமீனில் விட்டதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. 600 மீட்டருக்கு அது சரி. பண்ணையை ஒட்டிய வயலும் கிணறும் வேறு கதை. குளத்து நீர்மட்டம் சுற்றுத் தரையைவிட ஒரு மீட்டர் உயரம். கீழே மணல் என்றால் இரவும் பகலும் கசிந்துகொண்டே இருக்கும். கோடையில் ஆவியாகிக் குளத்துநீர் கடலைவிட உப்பாகவும் ஆகும். குளத்தடியில் எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருக்கிறார்களா, சுற்றிலும் கசிவு வாய்க்கால் வெட்டியிருக்கிறார்களா, கழிவுநீர் எங்கே போகிறது என்று மூன்றும் கேட்க வேண்டும். குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்பது 2005 கடலோர மீன்வளர்ப்புச் சட்டத்தையொட்டிய வழிகாட்டுதல். மனு எழுதும்போது குளோரைடு அளவைத் தேதியோடு மாதம் ஒன்றாக ஒரு வருடத்துக்கு இணையுங்கள். ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்ற மனு கோப்பில் தூங்கும்.

உச்சிப்புளிக்காரர் | ஆகஸ்ட் 5

குடிக்க ஆர்.ஓ. வாங்கிவிடட்டுமா? காவிரித் தண்ணி வாரத்துக்கு இரண்டு நாள்தான்.

ஆய்வக மேசை | ஆகஸ்ட் 6

வீட்டு ஆர்.ஓ. உங்கள் தண்ணீரில் ஓடும், ஆனால் நாலு லிட்டர் விட்டால் ஒரு லிட்டர் தேறினால் அதிகம். கடினத்தன்மை 837 இருப்பதால் சவ்வு சீக்கிரம் சுண்ணாம்பு கட்டும். அந்த மூன்று லிட்டர்க் கழிவு எங்கே போகும்? எல்லாரும் கிணற்றடி உறிஞ்சுகுழிக்கு விடுகிறார்கள். எடுத்த உப்பையே செறிவாக்கித் திருப்பிக் கொடுப்பது அது. தெருக்கோடி ஆர்.ஓ. நிலையங்களில் இன்னும் மோசம். 2,000 டிடிஎஸ் தண்ணீரில் பாதி நல்லதாக எடுத்தால் மீதிப் பாதி 4,000. அதைப் பழைய போருக்குள் இறக்குகிற இடங்களும் இருக்கின்றன. கடலோரத்தில் அதற்குத் தனிக் குழாய் போட்டுக் கடல் பக்கம் கொண்டுபோவதைத் தவிர ஒழுங்கான வழி இல்லை. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 1990களின் இறுதியிலேயே வந்தது. அந்த மாதிரி நிலையங்களுக்குக் கழிவைக் கொட்டக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, உங்கள் சமையலறைக்கு இல்லை.

கலுங்கு | ஆகஸ்ட் 6

ஆர்.ஓ.வுக்கு முன் மழையைக் கணக்குப் போடுங்கள். 800 சதுர அடி மொட்டைமாடி, 74 சதுர மீட்டர். மாவட்டத்தின் சராசரி மழை ஏறத்தாழ 800 மி.மீ., பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். எண்பது சதவீதம் பிடித்தால் வருடம் 47,000 லிட்டர். ஐந்து பேர் ஆளுக்கு நூறு லிட்டர் புழங்கினால் வருடம் 1,82,000 லிட்டர். ஆகவே ஒரு வீட்டுக் கூரைநீரைத் தரைக்குள் விட்டுக் கடலைத் தள்ளிவிடலாம் என்பது ஆசை. ஊர் முழுக்கச் செய்தால்தான் அது நடக்கும். ஆனால் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர், 200 நாள், ஐந்து பேர்: 5,000 லிட்டர். ஒரே ஒரு நல்ல மழை, 100 மி.மீ., 5,900 லிட்டர் தரும். ஒரு 5,000 லிட்டர்த் தொட்டியில் வேலை முடிந்தது. நம் மாவட்டத்தில் இதைத் தொட்டியில் பிடிக்காமல் குழியில் விடச்சொல்லியே பழக்கிவிட்டோம்.

பருவத்தின் முதல் இரண்டு மழையைப் பிடிக்காதீர்கள். ஏழு மாதத்துக் கடற்காற்று உப்பும் காக்கை எச்சமும் மாடியில் இருக்கும். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மழைக்கும் முதல் 150 லிட்டர் தனி டிரம்முக்குப் போகட்டும். டிரம் அடியில் மெல்லச் சொட்டும் துளை ஒன்று வையுங்கள், அடுத்த மழைக்குத் தானே காலியாகிவிடும். தொட்டிக்கு வெளிச்சம் போகக்கூடாது, பாசி பிடிக்கும். கருப்புத் தொட்டி, ஓவர்ஃப்ளோ வாயில் கொசுவலை.

தொண்டி வடக்கு | ஆகஸ்ட் 9

காவிரிக் குழாய் என்றவுடன் ஞாபகம் வருகிறது. அழுத்தம் பற்றாமல் வீட்டு வாசலில் மூன்றடிப் பள்ளம் தோண்டி, பள்ளத்துக்குள் குழாயை வெட்டிப் பிடிக்கிறோமே, திருச்சியிலிருந்து குளோரின் போட்டு அத்தனை தூரம் வந்த தண்ணீர் கடைசி மூன்றடியில் கெடுகிறது. சப்ளை நிற்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, பள்ளத்தில் தேங்கிய சாக்கடையை உள்ளே இழுக்கும். மறுமுறை வரும்போது முதல் ஐந்து குடம் அதுதான். பள்ளம் தவிர்க்க முடியாதென்றால் அடியும் பக்கமும் சிமெண்ட் பூசி, குழாய் வாய்க்கு மூடி போட்டு, முதல் ஐந்து நிமிடத்தைச் செடிக்கு விடுங்கள். கடைக்கோடியில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

பனைநுங்கு | ஆகஸ்ட் 17

சாயல்குடிப் பக்கம் எங்கள் ஊருணி பற்றி யாராவது சொல்லுங்கள். தூர்வாரினார்கள், பொக்லைன் வைத்து ஆறடி ஆழப்படுத்தினார்கள். அடுத்த வருடம் பங்குனியிலேயே உவர்த்துவிட்டது. முன்பு சித்திரை கடைசிவரை நல்ல தண்ணீர் இருக்கும்.

கலுங்கு | ஆகஸ்ட் 17

களியை உடைத்துவிட்டார்கள். ஊருணியின் அடியில் காலகாலமாகப் படிந்த களிதான் அதன் தொட்டி. அதன் கீழே உவர் மணல். பொக்லைன்காரருக்கு லோடு கணக்கு. களி வெட்டுப்பட்டால் மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் கீழே ஓடும், கோடையில் ஊருணி மட்டம் இறங்கியதும் உவர் மேலே வரும். தூர்வாருவதற்கு முன் கை ஆகரால் (மண்ணைத் துளைக்கும் கைக்கருவி) 20 மீட்டருக்கு ஒன்றாகத் துளையிட்டுக் களியின் கனம் பார்க்க வேண்டும், குறைந்தது இரண்டடிக் களி மிச்சம் வைக்க வேண்டும். கொள்ளளவு வேண்டுமென்றால் அகலத்தைக் கூட்டுங்கள். அகலம் கூடினால் ஆவியாவதும் கூடுமே என்பீர்கள், உண்மைதான். தையிலிருந்து வைகாசிவரை நாளுக்கு 5, 6 மி.மீ. போகும், மொத்தம் முக்கால் மீட்டருக்குக் குறையாது, ஒரு மீட்டரை நெருங்கும். ஆனாலும் ஒரு மீட்டர் போவது முழுவதும் உவர்ப்பதைவிட மேல்.

இப்போது செய்யக்கூடியது: கோடையில் வற்றியதும் வெட்டுப்பட்ட இடத்தில் கண்மாய்க் களியை அரை அடி அரை அடியாகப் போட்டு, ஈரப்பதத்தில் ரோலர் விட்டு இறுக்குவது. காய்ந்த களியைக் கொட்டிச் சமப்படுத்திவிட்டுப் போனால் விரிசல் வழியே எல்லாம் இறங்கும்.

பனைநுங்கு | ஆகஸ்ட் 18

கலங்கலுக்கு? அம்மா தேத்தாங்கொட்டை உரசுவார்.

ஆய்வக மேசை | ஆகஸ்ட் 18

பானையின் உள்பக்கம் உரசுவது நல்ல முறை, அது களித்துகளைத் திரட்டும். படிகாரம் என்றால் 15 லிட்டர்க் குடத்துக்கு அரை கிராம், கால் தேக்கரண்டியில் பாதிக்கும் குறைவு. கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் வேகமாக, ஐந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, இரண்டு மணி நேரம் விடுங்கள். கூடப் போட்டால் புளிக்கும், தெளியவும் மாட்டேன் என்கும். இரண்டுமே கிருமியைக் கொல்லாது. தெளிந்தபின் குளோரின் அல்லது கொதி. கலங்கலில் குளோரின் போட்டால் மண்ணே அதைத் தின்றுவிடும்.

உச்சிப்புளிக்காரர் | டிசம்பர் 12

கேட்வால்வு போட்டு, ஃபுட்வால்வைத் தூக்கி, தோட்டத்தைக் கைபோருக்கு மாற்றியாகிவிட்டது. மழையும் பெய்தது. இப்போது குழாயில் 1,350 மைக்ரோசீமென்ஸ். சோப்பு நுரைக்கிறது. தோப்புக்காரரிடம் சொட்டுநீர் பேசியிருக்கிறோம், யோசிக்கிறேன் என்றார். கிணற்றில் மழைத்தண்ணி மேலே புகுந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடட்டும் அண்ணே?

கலுங்கு | டிசம்பர் 12

1,350இல் மழைக்கு எவ்வளவு பங்கு, வால்வுக்கு எவ்வளவு பங்கு என்பது மே மாதம் அளந்தால்தான் தெரியும். அதற்குள் மோட்டாரை முழுக்கத் திறக்க ஆசைப்படாதீர்கள். வெள்ளம் புகுந்த கிணற்றை அடிவரை இறைத்து இறைத்துக் கழுவவும் வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு அப்படிக் கழுவிக் கழுவியே அடி உப்பை மேலே இழுத்துக்கொண்ட கிணறுகள் உண்டு.

நீர்மட்டம் இப்போது என்ன, 4 அடியா? அப்படியென்றால் நீராழம் 12 அடி, 3.65 மீட்டர். ஐந்தடி விட்டம் 1.5 மீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 6,450 லிட்டர். வழக்கமான அளவு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், உங்களுக்கு 16 கிராம். வெள்ளம் புகுந்ததால் இந்த ஒரு முறை இரட்டிப்பாக 32 கிராம் போடலாம். வாளியில் பவுடரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி ஆக்கிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிடுங்கள். தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றிக் கிணற்றில் இறக்கி, மேலும் கீழும் ஆட்டிக் கலக்குங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பைக் கொட்டிவிடாதீர்கள், கடினத்தன்மை உங்களிடம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி. மிச்சம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் திரும்ப. பை திறந்து மாதங்களானால் பவுடரில் வீரியம் இருக்காது, மூக்கில் ஏறாத பவுடரை வாங்காதீர்கள்.

ஆய்வக மேசை | டிசம்பர் 13

மலக்கிருமி இருந்தால் கறுப்பாகும் சின்னச் சோதனைப் புட்டி வாங்குவீர்கள். குளோரின் போட்ட அன்று பயன்படுத்தாதீர்கள், ஒரு வாரம் கழித்து. உங்கள் 7 மீட்டர்க் குழாய்த் தண்ணீரில் அழுகிய முட்டை வாசம் இருந்தால் அதில் கிருமி இல்லாமலும் புட்டி கறுக்கும், அதற்கு அந்தச் சோதனை ஆகாது. கிணற்று மேல்நீரில் மட்டும் பாருங்கள். நைட்ரேட்டையும் மறுபடி கொடுங்கள். செப்டிக் டேங்க் இன்னும் அதே இடத்தில்தானே இருக்கிறது?

உச்சிப்புளிக்காரர் | டிசம்பர் 13

அடி மட்டும் பூசியாகிவிட்டது. இடம் மாற்றுவது தை பிறந்தபிறகு, கொத்தனார் வேறு ஆள்.